மீட்சியா, புத்தாக்கமா? ஷிமசாகி தோசோனின் ‘விடியலுக்கு முன்’ நாவல் காட்டும் ஜப்பானிய நவீனம்

முன்னுரை

உலக வரலாற்றுப் பாடநூல்களில் ஜப்பானின் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஏறத்தாழ ஒரே வடிவில்தான் சொல்லப்படுகின்றது. 1603 முதல் 1868 வரை தொகுகாவா ஷோகுன்களின் ஆட்சி. அது நிலப்பிரபுத்துவக் காலம். 1853இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியின் கப்பல்கள் எடோ விரிகுடாவிற்குள் வந்தன. 1868இல் பேரரசர் மெய்ஜியின் பெயரால் ஆட்சி மாறியது. 1872இல் கல்விச் சட்டமும் தொடர்வண்டியும் வந்தன. 1873இல் கட்டாயப் படைச் சேவையும் புதிய நிலவரியும் வந்தன. 1889இல் அரசியலமைப்பு உருவாயிற்று. 1905இல் ஜப்பான் ருஷ்யாவை வென்ற வல்லரசாக நின்றது. மலேசியாவில் 1982ஆம் ஆண்டு கிழக்கை நோக்கும் கொள்கை அறிவிக்கப்பட்ட பின்னர், இவ்வரலாறு நம் வாசகர்களிடையே ஒரு முன்மாதிரி என்னும் தகுதியையும் பெற்றது.

மேற்கண்ட செய்திகளில் பிழை ஏதும் இல்லை. எனினும், அம்மாற்றத்திற்குள் வாழ்ந்தவர்கள் எதை எதிர்பார்த்தார்கள், எதைப் பெற்றார்கள் என்ற வினாவிற்கு இந்நிரல் விடை தருவதில்லை. அவ்வினாவைத் தன் மையமாகக் கொண்ட ஒரு படைப்பு ஷிமசாகி தோசோன் எழுதிய ‘விடியலுக்கு முன்’ என்னும் நாவலாகும். ஜப்பானியத்தில் ‘யோஆகே மாயே’ எனப்படும் இந்நாவலை வில்லியம் நாஃப் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஹவாய்ப் பல்கலைக்கழகப் பதிப்பகம் அம்மொழிபெயர்ப்பை 1987இல் வெளியிட்டது. ஜப்பானின் மாற்றத்தைப் பயிலும் எவரும் வரலாற்று நூல்களோடு இந்நாவலையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது நம் கருத்து. அதற்கான காரணங்களை இக்கட்டுரையில் காண்போம்.

மூன்று சொற்கள்

தமிழில் 1868ஆம் ஆண்டு நிகழ்வை ‘மெய்ஜி மீட்சி’ என்று எழுதுகின்றோம். ஆங்கிலச் சொல்லின் வழி வந்த ஆக்கம் இது. ஜப்பானியர் அக்காலத்தில் வழங்கிய சொற்களோ ஒன்றுக்கு மேற்பட்டவை. 1868ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் வெளியான அறிவிப்பு ‘ஓசெய் ஃபுக்கோ’ என்றது. அரசாட்சியைப் பழமைக்குத் திருப்புதல் என்பது அதன் பொருள். தொன்மத்தில் முதல் பேரரசராகக் கூறப்படும் ஜின்முவின் காலத் தொடக்கத்தை அவ்வறிவிப்பு முன்னுதாரணமாகக் காட்டியது. பின்னர் நிலைபெற்ற சொல் ‘இஷின்’ என்பதாகும். அது புதுப்பித்தலைக் குறிக்கும். பொதுமக்கள் வழங்கிய சொல் ‘கோஇஷ்ஷின்’ என்பது. எல்லாம் ஒரேயடியாகப் புதிதாகிவிட்டது என்ற வியப்பும் எதிர்பார்ப்பும் அதில் உண்டு.

ஒரே நிகழ்வைக் குறித்த இம்மூன்று சொற்களும் மூன்று வகையான எதிர்பார்ப்புகளைச் சுட்டுகின்றன. முதலாவது பின்னோக்கிப் பார்க்கின்றது. இரண்டாவது முன்னோக்கிப் பார்க்கின்றது. மூன்றாவது அன்றாடச் சுமை குறையுமா என்று பார்க்கின்றது. ‘மீட்சி’ என்ற ஒற்றைச் சொல்லால் மூன்றையும் மூடிவிடும்போது அவற்றிடையே இருந்த பூசல் மறைந்துபோகின்றது. ‘விடியலுக்கு முன்’ நாவலின் துன்பியல் முழுவதும் இச்சொற்களுக்கு இடையிலுள்ள இடைவெளியில்தான் நிகழ்கின்றது எனலாம்.

நாவலும் அதன் மூலங்களும்

தோசோன் 1872இல் கிசோ மலைப்பகுதியிலுள்ள மகோமே என்னும் ஊரில் பிறந்தார். எடோவையும் கியோத்தோவையும் மலைவழியே இணைத்த நகசெந்தோ நெடுஞ்சாலையின் அறுபத்தொன்பது தங்குநிலையங்களுள் மகோமேயும் ஒன்று. கிசோ பகுதியில் மட்டும் பதினொரு நிலையங்கள் இருந்தன. தோசோனின் தந்தை ஷிமசாகி மசாகி (1831–1886) அவ்வூரில் மூன்று பொறுப்புகளை வகித்தவர். பயணம் செய்யும் பிரபுக்கள் தங்கும் ‘ஹோன்ஜின்’ மனையின் உரிமையாளர் அவரே, ஆளும் குதிரையும் மாற்றித்தரும் நிலையத்தின் பொறுப்பாளரும் அவரே, ஊர்த்தலைவரும் அவரே. அவர் மனநிலை பிறழ்ந்து, அடைக்கப்பட்ட அறையில் இறந்தபோது தோசோனுக்கு வயது 14. அத்தந்தையே நாவலின் தலைவன் அஓயாமா ஹன்சோவாக உருப்பெற்றார்.

நாவல் 1929 முதல் 1935 வரை ‘சூவோ கோரோன்’ இதழில் தொடராக வெளிவந்தது. இரு பாகங்களும் முறையே 1932, 1935 ஆகிய ஆண்டுகளில் நூலாயின. குடும்ப நினைவை மட்டும் நம்பி இதனை எழுதவில்லை தோசோன். மகோமேயில் சாக்கே மது வடித்து விற்ற தைகொகுயா குடும்பத்தின் தலைவர் பல்லாண்டுகள் எழுதிவந்த நாட்குறிப்பு அவருக்குக் கிடைத்தது. மழை, அரிசி விலை, கடந்து சென்ற ஊர்வலங்கள், தீ விபத்து, திருமணம் ஆகியன அதில் பதிவாகியிருந்தன. பெருநிகழ்வுகள் நாவலுக்குள் வரும் முறை இதனால் தனித்தன்மை பெறுகின்றது. பெர்ரியின் கப்பல்களைப் பற்றிய செய்தி மகோமேக்கு வதந்தியாகத்தான் வந்து சேர்கின்றது. தலைநகரில் முடிவானவை மலையூரில் குதிரைக் கணக்காகவும் அரிசி விலையாகவும் உருமாறுகின்றன.

நெடுஞ்சாலையின் சுமை

நிலப்பிரபுத்துவம் என்றவுடன் கோட்டையும் வாளும் நம் நினைவிற்கு வருகின்றன. தோசோன் காட்டும் நிலப்பிரபுத்துவம் சாலையில் சுமக்கப்படும் சுமையாகும். நாட்டில் ஏறத்தாழ 260 சிற்றரசுகள் இருந்தன. அவற்றின் அதிபதிகள் குறித்த காலத்திற்கு எடோவில் தங்கவும் மீண்டும் தம் பகுதிக்குத் திரும்பவும் கடமைப்பட்டிருந்தனர். அவர்தம் பரிவாரங்களைச் சுமக்க ஒவ்வொரு நிலையமும் ஆளும் குதிரையும் தர வேண்டும். கிசோ நிலையங்களுக்கு விதித்த அளவு நாளொன்றுக்கு 25 ஆள், 25 குதிரை. அவை போதாதபோது சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டினர். ‘சுகேகோ’ என்னும் இக்கட்டாய ஊழியத்திற்கு மிகக் குறைந்த கூலியே கிடைத்தது. சோழர் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்று பயில்பவர்க்கு இவ்வேலையின் இயல்பு எளிதில் விளங்கும்.

1861இல் பேரரசரின் தங்கை கசுநோமியா ஷோகுன் இயெமோச்சியை மணப்பதற்காக இச்சாலை வழியே எடோவிற்குச் சென்றார். அரசவைக்கும் ஷோகுனுக்கும் இடையே இணக்கம் தேடிய திருமணம் அது. அரசியல் வரலாற்று நூல்கள் இதனைச் சில வரிகளில் முடித்துவிடுகின்றன. நாவலிலோ இது பல ஊர்களின் ஆள்பலத்தை உறிஞ்சும் பேரிடராக விரிகின்றது. ஆணையை எழுதியவர்களுக்கும் சுமை தூக்கியவர்களுக்கும் நடுவில் நிற்பவன் ஹன்சோ. மேலிடத்திற்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியவனும், கீழிருப்போரிடம் ஆள் கேட்க வேண்டியவனும் அவனே. பழைய அமைப்பு இயங்கியது இத்தகைய இடைநிலை மனிதர்களால்தான் என்பதை நாவல் உரத்துச் சொல்லாமல் உணர்த்துகின்றது.

இச்சுமையிலிருந்து விடுதலை தரும் கருத்தாக ஹன்சோ பற்றிக்கொண்டது ஹிராதா அத்சுதானேயின் நாட்டுநெறிக் கல்வி. பௌத்தமும் சீனக் கல்வியும் கலப்பதற்கு முந்திய தூய பழமைக்குத் திரும்புதல் அதன் இலக்கு. பேரரசர் நேரடியாக ஆண்டால் இடையிலுள்ள அதிகார அடுக்குகள் நீங்கும். மக்களும் இயல்பாக வாழ்வர் என்று ஹன்சோ நம்புகின்றான். அவனுடைய பழமைப் பற்றுக்குள் சமத்துவ ஏக்கம் ஒன்று மறைந்திருப்பதைக் காண்கின்றோம். பிற்போக்கு, முற்போக்கு என்னும் இரு பெட்டிகளில் எதிலும் அவனை அடைக்க இயலாமைக்கு இதுவே காரணம்.

மலையும் ஐந்து மரங்களும்

நாவலின் இரண்டாம் பாகத்தில் மிகவும் வலிமை வாய்ந்த பகுதி காட்டைப் பற்றியது. கிசோவில் நெல்வயல் குறைவு. மக்கள் வாழ்வு காட்டை நம்பியது. ஓவாரி சிற்றரசின் ஆட்சியில் காடுகள் வகைப்படுத்தப்பட்டிருந்தன. சிலவற்றில் எவரும் நுழையக் கூடாது. ‘அகியாமா’ எனப்பட்ட திறந்த காடுகளில் ஊரார் விறகும் மரமும் எடுக்கலாம். ஆனால் ஹினோகி, சவாரா, அசுனாரோ, கோயாமகி, நெசுகோ என்னும் ஐந்து மரங்களை மட்டும் தொடக் கூடாது. ஒரு மரத்தை வெட்டினால் ஒரு தலை போகும் என்னும் அளவிற்குத் தண்டனை கடுமையானது. பழைய ஆட்சி இக்காடுகளில் கருணை காட்டவில்லை என்பது தெளிவு.

1871இல் சிற்றரசுகள் ஒழிக்கப்பட்டு மாவட்டங்கள் அமைந்தன. கிசோ, சிக்குமா மாவட்டத்தின் கீழ் வந்தது. நிலத்திற்கெல்லாம் உரிமைப்பத்திரமும் மதிப்பும் காண வேண்டும் என்ற நிலவரிச் சீர்திருத்தம் 1873இல் தொடங்கியது. நில மதிப்பில் நூற்றுக்கு 3 விழுக்காடு பணமாகச் செலுத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது. உழவர் எதிர்ப்பிற்குப் பின் 1877இல் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. இச்சூழலில் கிசோ மலைகளுக்கு உரிமைப்பத்திரம் யாரிடம் என்ற வினா எழுந்தது. ஊராரிடம் பத்திரம் இல்லை. வழக்கம் மட்டுமே இருந்தது. ஐந்து மரங்களுள் எது வளர்ந்தாலும் அது அரசுக் காடு என்று புதிய அதிகாரிகள் முடிவு செய்தனர். முன்பு திறந்திருந்த அகியாமாவும் இவ்வாறு மூடப்பட்டது.

ஹன்சோ கிசோவின் 33 ஊர்களின் சார்பில் விண்ணப்பம் எழுதுகின்றான். பழைய ஆட்சியிலேயே மக்களுக்கு இருந்த உரிமையைப் புதிய ஆட்சி பறிக்கலாமா என்பது அவன் வாதம். அதன் பயனாக 1873இல் அவன் ஊர்ப்பொறுப்பிலிருந்து நீக்கப்படுகின்றான். பிற்காலத்தில், 1889இல், இக்காடுகள் பேரரசக் குடும்பத்தின் உடைமையாக்கப்பட்டன. யாருடைய நேரடி ஆட்சி மக்களை விடுவிக்கும் என்று ஹன்சோ நம்பினானோ, அவருடைய பெயரிலேயே காடு மூடப்பட்டது.

இங்கு நாம் ஒன்றைக் கருத வேண்டும். நிலப்பிரபுத்துவத்தில் ஒரே நிலத்தின் மீது பலருக்குப் பல படிநிலை உரிமைகள் இருந்தன. நவீன அரசு ஒரு நிலத்திற்கு ஓர் உரிமையாளரை மட்டுமே அறிந்தது. பிரபுவின் வரியிலிருந்து உழவனை விடுவித்த அதே சட்டநோக்கு, பத்திரமில்லாத பொதுவுரிமையை அழித்தது. இரண்டும் ஒரே செயலின் இரு விளைவுகள். பாடநூலின் நிரலில் முதல் விளைவு மட்டும் இடம்பெறுகின்றது. தோசோன் இரண்டாவதையும் எழுதுகின்றார்.

தலைநகரும் எரியாத கோயிலும்

பொறுப்பை இழந்த ஹன்சோ 1874இல் தோக்கியோ சென்று சமயக் கல்வி அமைச்சில் சிறு பணியில் சேர்கின்றான். 1868இல் தெய்வ வழிபாட்டிற்கெனத் தனித்துறையை மீட்டமைத்த அரசு, அதனை 1871இல் அமைச்சாகத் தாழ்த்தியது. 1872இல் இச்சமயக் கல்வி அமைச்சை அதனிடத்தில் வைத்தது. 1877இல் இதுவும் ஒழிக்கப்பட்டது. பழமைக்குத் திரும்புதல் என்ற முழக்கம் ஆறு ஆண்டுகளில் பழம்பொருளாகிவிட்டதை ஹன்சோ அலுவலகத்தில் காண்கின்றான். அவன் போற்றும் அறிஞர்கள் அங்கே கேலிப்பொருளாகியுள்ளனர். அவ்வாண்டில் பேரரசர் பவனி வரும்போது தன் கவிதை எழுதிய விசிறியை அவன் வண்டியை நோக்கி எறிகின்றான். அது பேரரசரின் வண்டியன்று. முன்னால் சென்ற வண்டி. தன் நெஞ்சைத் திறந்து காட்ட விரும்பியவன் அவமதிப்புக் குற்றவாளியாகின்றான். உரிய வண்டியைக் கூட அடையாளம் காண இயலாத அளவிற்கு அவன் கற்பனை செய்த பேரரசரும் நடப்பிலிருந்த பேரரசரும் வேறுபட்டிருந்தனர் என்பதை இக்காட்சி நுட்பமாகக் காட்டுகின்றது.

ஹிதா மலைப்பகுதியில் சில காலம் கோயில் பூசகனாக இருந்துவிட்டு ஊர் திரும்பும் ஹன்சோ, இறுதியில் தன் முன்னோர் நிறுவிய பௌத்தக் கோயிலுக்குத் தீ வைக்க முற்படுகின்றான். தீ பரவுவதில்லை. குடும்பத்தார் அவனை மரக்கூண்டில் அடைக்கின்றனர். 1886இல் அவன் இறக்கின்றான். குழி வெட்டும் ஓசையுடன் நாவல் முடிகின்றது.

இம்முடிவைத் தனிமனிதனின் மனப்பிறழ்வு என்று மட்டும் வாசிப்பது போதாது. ஹன்சோவைவிட நான்கே வயது இளையவர் ஃபுகுசவா யூகிச்சி (1835–1901). நகத்சு சிற்றரசின் கீழ்நிலைச் சாமுராய்க் குடும்பத்தில் பிறந்த அவர், பிறப்பால் வந்த தடைகளை வெறுத்தார். டச்சும் ஆங்கிலமும் கற்றுக் கெயோ கல்விக்கூடத்தை நிறுவினார். அவருக்குப் பழைய உலகத்தின் வீழ்ச்சி ஏறும் படியாயிற்று. ஹன்சோவும் பழைய ஒழுங்கை வெறுத்தவனே. ஆனால் அவனுடைய கல்வியும் பொறுப்பும் அவ்வொழுங்கு அமைத்த சாலையிலேயே இருந்தன. சாலை மதிப்பிழந்தபோது அவனும் மதிப்பிழந்தான். ஃபுகுசவாவை மட்டும் படிப்போர்க்கு நவீனம் என்பது துணிந்தவர் பெறும் பரிசாகத் தோன்றும். ஹன்சோவையும் படிப்போர்க்கு, அப்பரிசு யாருக்கு எட்டும் இடத்தில் வைக்கப்பட்டிருந்தது என்ற வினா எழும்.

அறிஞர் விவாதத்தின் நடுவில்

நாவல் தொடராக வந்த அதே ஆண்டுகளில் ஜப்பானிய மார்க்சிய அறிஞரிடையே பெரும் விவாதம் நடந்தது. 1932–33இல் இவனாமி பதிப்பகம் ஜப்பானிய முதலாளித்துவ வளர்ச்சி பற்றிய விரிவுரைத் தொகுதிகளை வெளியிட்டது. அவற்றைச் சார்ந்த ‘கோசா’ அணியினர், 1868க்குப் பின்னும் கிராமங்களில் அரை நிலப்பிரபுத்துவ உறவுகள் நீடித்தன என்றனர்; மெய்ஜி அரசை முற்றதிகார முடியாட்சி என்று கண்டனர். எதிரணியான ‘ரோனோ’ அணியினர், 1868இலேயே முதலாளித்துவப் புரட்சி நிகழ்ந்துவிட்டது என்றனர். 1936 முதல் 1938 வரை நடந்த கைதுகள் இரு அணியினரையும் வாயடைக்கச் செய்தன. இவ்விவாதத்தை உள்வாங்கி 1940இல் ஈ. எச். நோர்மன் எழுதிய நூல், மெய்ஜி மாற்றத்தை மேலிருந்து நிகழ்த்தப்பட்டதாகவும் உழவரை ஒதுக்கியதாகவும் விளக்கியது. கனடிய அரசதந்திரியான நோர்மன் பிறந்த இடம், நகசெந்தோவின் மற்றொரு நிலையமான கருய்சவா என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1960களில் அமெரிக்க அறிஞர்கள் ‘நவீனமயமாதல்’ கோட்பாட்டை முன்வைத்து ஜப்பானை வெற்றிக்கதையாக வாசித்தனர். 1975இல் ஜான் டவர் நோர்மனின் எழுத்துகளை மீண்டும் பதிப்பித்து அவ்வெற்றிக்கதையை வினவினார்.

இவர்கள் அனைவரும் கேட்டது ஒரே வினா: நிலப்பிரபுத்துவம் முடிந்ததா, இல்லையா? தோசோனின் நாவல் இவ்வினாவிற்கு நேர்விடை தரவில்லை. அது வினாவின் வடிவத்தையே ஐயுறச் செய்கின்றது. மகோமேயில் சில பழையன முடிந்தன: கட்டாய ஊழியம், தங்குமனை, சாமுராயின் வாள். சில பழையன வேறு பெயரில் இறுகின: காட்டின் தடை அவற்றுள் ஒன்று. சில முற்றிலும் புதியன: பத்திரம், பணவரி, பள்ளி. ‘முதல்’, ‘வரை’ என்ற இரு உருபுகளால் இணைக்கத்தக்க நேர்கோடு அங்கு இல்லை.

நாவலின் எல்லைகள்

இந்நாவலைக் குறையற்றது என்று கூற இயலாது. நாட்குறிப்பையும் ஆவணங்களையும் பின்பற்றும் நீண்ட பகுதிகள் சில இடங்களில் கதைமாந்தரை மறைத்துவிடுகின்றன. உழவர்கள் பெரும்பாலும் ஊர்த்தலைவன் வீட்டுத் திண்ணையிலிருந்தே பார்க்கப்படுகின்றனர். 1868இல் உழவர் கிளர்ச்சி ஒன்று எழும்போது அதன் காரணத்தை அறிய ஹன்சோ முயல்கின்றான். அவர்கள் அவனிடம் மனம் திறப்பதில்லை. தன்னை அவர்களுடைய காவலனாகக் கருதியவனுக்கு அது பேரதிர்ச்சி. தோசோன் தம் எல்லையைத் தாமே உணர்ந்து எழுதிய இடம் இது எனலாம். ஆயினும், உழவரின் மௌனத்திற்குப் பின்னால் இருந்ததை நாவல் எழுதவில்லை. திருமணத்திற்கு முன் உயிரை மாய்த்துக்கொள்ள முயலும் மகள் ஒகுமேயின் உள்ளமும் முழுமையாகத் திறக்கப்படவில்லை. தந்தையின் துயரத்திற்கு நிழலாகவே அவள் நின்றுவிடுகின்றாள்.

இன்னொரு குறையும் உண்டு. ஹன்சோ போற்றிய பேரரசர் வழிபாடு தோற்ற கனவாகவே நாவலில் முடிகின்றது. நாவல் நிறைவுற்ற 1935இல் அவ்வழிபாடு அரசின் படைக்கருவியாகியிருந்தது. 1931இலேயே மஞ்சூரியா கைப்பற்றப்பட்டிருந்தது. 1941 டிசம்பரில் கோத்தா பாருவில் இறங்கிய படையும், சயாம் மரண இரயில்பாதையில் மாண்ட தோட்டத் தமிழர்களும் நம் நினைவில் உள்ளபோது, தூய பழமை பற்றிய ஹன்சோவின் கனவை நாம் இரக்கத்தோடு மட்டும் படிக்க இயலாது. தோற்றுப்போன கருத்து பின்னர் வேறு கைகளில் வலுப்பெறுவது எவ்வாறு என்பதை நாவலுக்கு வெளியே சென்றுதான் அறிய வேண்டியுள்ளது.

முடிவுரை

‘விடியலுக்கு முன்’ நாவல் ஜப்பானின் மாற்றத்தைப் பழிக்கவுமில்லை, புகழவுமில்லை. பழைய ஒழுங்கைத் தாங்கிய தோள்களே புதிய ஒழுங்கை வரவேற்றன. அத்தோள்களைப் புதிய ஒழுங்கு தன் கணக்கில் எழுதவில்லை. இதுவே நாவலின் சாரம் எனக் கருதுகின்றோம். ‘மீட்சி’ எனக் கேட்டவன் ‘புத்தாக்க’த்தின் விலையைச் செலுத்தினான்.

தமிழில் உலக வரலாற்றையும் உலக இலக்கியத்தையும் கற்பிப்போர்க்கு இதனால் பெறப்படும் செயற்பணிகள் இரண்டு. ஒன்று, கலைச்சொல் பற்றியது. 1868ஐக் குறிக்க ‘மீட்சி’ என்று எழுதும்போது ‘ஃபுக்கோ’, ‘இஷின்’ ஆகிய இரண்டையும் மாணவர்க்கு விளக்கி, அவற்றிடையேயுள்ள முரணை அறியச் செய்தல் வேண்டும். மற்றொன்று, பாடத்திட்டம் பற்றியது. 1871, 1873 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களைக் கற்பிக்கும் வகுப்பில், கிசோ காட்டு விண்ணப்பம் பற்றிய அத்தியாயத்தையும் சேர்த்து வாசிக்கச் செய்யலாம். சட்டம் என்ன சொன்னது என்பதோடு, அது மலையூருக்கு வந்து சேர்ந்தபோது என்ன ஆயிற்று என்பதையும் மாணவர் கேட்கப் பழகுவர். ஒரு நாட்டை முன்மாதிரியாகக் கொள்ள விரும்புவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.